செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: படகு டீசல் இன்ஜினின் கோளாறை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இரண்டு முறை செல்ஃப் அடித்தும் படகின் டீசல் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். இரண்டாவது வேலை, கடல்நீர் வால்வை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரும் வழியின் வால்வை, மூடுவது. ஸ்பேனரும் மல்டிமீட்டரும் அதற்குப் பிறகு.

லாரி இன்ஜினோ டிராக்டர் இன்ஜினோ ஸ்டார்ட் ஆகாதபோது செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடேறும், அதோடு போயிற்று. படகு வேறு. பெரும்பாலான படகு இன்ஜின்களில் கடல்நீர் புகையோடு கலந்துதான் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. இன்ஜின் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் கடல்நீர் பம்ப்பின் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடினால் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே அடித்துவிடும். ஓடாமல் வெறுமனே சுற்றினால் தண்ணீரைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. சைலன்சர் நிரம்பும். தண்ணீரும் புகையும் கலக்கும் வளைந்த குழாயான எல்போவைத் தாண்டித் தண்ணீர் ஏறி, திறந்திருக்கிற எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

இது என் கையிலேயே நடந்திருக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு, லைனுக்குள் புகுந்த ஏரை, அதாவது காற்றை, சரியாக எடுக்காமல், ‘இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை’ என்று செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தேன். பத்தோ பன்னிரண்டோ தடவை ஆனபோது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் அசையாமல் நின்றுவிட்டது. டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் சுற்றினபோது அந்த ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் பீய்ச்சியடித்தது. காற்றை வெளியேற்றும் திருகான பிளீட் ஸ்குரூவை இரண்டு திருகு தளர்த்தியிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் கோளாறு அது.

அதனால் இப்போதெல்லாம் தேடத் தொடங்கும்போதே வால்வை மூடிவிட்டு, சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். இன்ஜின் பிடித்த உடனே வால்வைத் திறந்தாக வேண்டும், தண்ணீரில்லாமல் சுற்றினால் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கிழிந்துவிடும். அந்தத் துணி அதை நினைவூட்டத்தான். வால்வை மூடுவதற்கு முன்பே பல தடவை செல்ஃப் அடித்தாயிற்று என்றால், சைலன்சரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. கடல்நீர் கலக்காத உலர்ந்த எக்ஸாஸ்ட் உள்ள படகுக்கு மட்டும் இந்தப் பயம் இல்லை.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகத் திருப்புங்கள். பிடித்தாலும் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் திருப்பாதீர்கள்.

எதைக் கவனிப்பது

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. டீசல் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸ் போதும். நல்ல நிலையில் ஓடுகிற இன்ஜினில் அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரியைத் தாண்டும். ஆனால் குளிர்ந்த இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே கரைந்துவிடும், மீதிக் காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்துவிடும். ஆகவே வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று கசியாமல் அமுங்க வேண்டும், டீசல் பூந்தூறலாக உள்ளே வர வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்பதை இன்ஜினே சொல்லிவிடும்.

ஒருவர் சாவியைத் திருப்பட்டும், இன்னொருவர் படகின் பின்பக்கம் புகைக்குழாயைப் பார்க்கட்டும். சுற்றுகிறதா? வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? இந்தப் பதில்கள் கிடைத்துவிட்டால் கீழே உள்ளதில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியதில்லை.

சத்தமே இல்லை, அல்லது ஒரே ஒரு ‘டிக்’

கரண்ட் கோளாறு. டீசல் பக்கம் போகவே வேண்டாம்.

கியர் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கியர் விழுந்திருந்தால் செல்ஃபுக்குக் கரண்டே போகாதபடி பல படகுகளில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். பிறகு பேட்டரியின் மெயின் சுவிட்ச். அதன் பிறகு ஒரு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு செத்துப்போனால் பேட்டரியோ பேட்டரி முனையோ சரியில்லை. பளிச்சென்று அப்படியே எரிந்தால், பேட்டரி நன்றாக இருக்கிறது, உத்தரவுதான் மோட்டாருக்குப் போய்ச்சேரவில்லை.

உத்தரவு எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவு போதும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்சான சாலினாய்டின் சின்ன முனையில் மல்டிமீட்டரை வையுங்கள், இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் சாலினாய்டிலோ மோட்டாரிலோ கோளாறு. வராவிட்டால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், ஃபியூஸ், நடுவில் உள்ள ஒயர் ஆகியவற்றில் ஒன்று. படகில் நான் அதிகம் பார்த்தது கடைசியாகச் சொன்னதுதான். சுக்கான் பக்கத்துப் பேனலிலிருந்து இன்ஜின் வரை நீளமாக ஓடும் ஒயர் கட்டுக்கு நடுவில் பல முனை கொண்ட ஒரு பிளக் இருக்கும். உப்புக்காற்றில் அதன் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பல இன்ஜின்கள் மறுபடி பேசத் தொடங்கிவிடும்.

‘டிக்’ கேட்டும் சுற்றவில்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் சாலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம். மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் ஒரு முறை எடுத்துக்கொள்ளும். கரைக்கு வந்து சேர அது உதவும், அடுத்த பயணத்துக்கு உதவாது. ‘டிக்’ கேட்டு விளக்கும் மங்கி, பேட்டரியும் முழுதாக இருந்தால் மோட்டாரைத் திட்டுவதற்கு முன் இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றாலும் இதே அறிகுறிதான். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்து

‘ர்ர்ர்’ என்று ஒரே சீராக வர வேண்டிய சத்தம் ‘உர்… உர்… உர்’ என்று ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் திணறித் திணறி வருகிறது. சிறிய டீசல் இன்ஜின்கள் பிடிக்க நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 250 சுற்றாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சூடு போதாது. ‘சுற்றத்தானே செய்கிறது’ என்று இதைக் கடந்துபோய் டீசல் லைனைப் பிரிப்பவர்கள் நிறையப் பேர். வேகம் சரியாகும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டோ சற்று மேலேயோ காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, சுமை ஏறிய நொடியில் 8-க்கு விழும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி போதவில்லை.

பேட்டரி 10.5-இல் நின்றும் மோட்டார் திணறினால்? இங்கேதான் ஒரு சின்னச் சோதனை பெரிய செலவைத் தவிர்க்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள். மேலே மாட்டிய கிளாம்பில் வைத்தால் பயனில்லை, ஈயக் கம்பத்தைத் தொட வேண்டும். இன்னொரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். சும்மா இருக்கும்போது மீட்டர் என்ன காட்டினாலும் பொருட்படுத்த வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது காட்டுகிற எண்தான் கணக்கு. 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் சுத்தம். 1, 2 என்று ஏறினால், மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே சூடாகிக் கரைகிறது. அடுத்து நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அதேபோல் அளந்து பாருங்கள். அங்கே 0.3-க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதையில் ஓர் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் கேபிள் லக்கின் உள்ளே செம்பு கறுத்திருக்கும். மீட்டரின் முனையைப் பாதையில் ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த மூட்டில் எண் குதிக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது மெயின் சுவிட்ச், அல்லது இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் மேலேயே முறுக்கப்பட்ட எர்த் போல்ட்.

கரண்ட் எல்லாம் சரி என்றால் இன்ஜினையே ஏதோ பிடித்து இழுக்கிறது. கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இம்பெல்லர் இறகுகள் மடங்கும். கியர் முழுதாக நியூட்ரலுக்கு வராமல் புரொப்பெல்லரையும் சேர்த்துச் சுற்றுவது, புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சிக்கியிருப்பது, குளிரில் பொருந்தாத கெட்டி ஆயில், இறுகிப்போன ஆல்டர்னேட்டர், இவையெல்லாம் நான் கண்ட காரணங்கள். வால்வைத் திறந்துவைத்துக் கம்ப்ரஷனைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவர் உள்ள இன்ஜின் என்றால், அதைத் தூக்கிவைத்துச் செல்ஃப் அடித்து, வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் பாதி பேட்டரியிலும் பிடித்துவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை

புகை இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. இதில் சந்தேகமே வேண்டாம். டீசல் உள்ளே போய்ப் பற்றாமல் இருந்தால் வெள்ளைப் புகையாவது வந்தே தீரும்.

கழற்றாமல் பார்க்கக்கூடியவை முதலில். டேங்க்கில் டீசல் இருக்கிறதா? காட்டும் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். டேங்க் வால்வு திறந்திருக்கிறதா? இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? உப்பேறிய கேபிள் பாதியில் நின்றுவிடும். பேனலில் பிடி உள்ளே போனது போலத் தெரிந்தாலும், டீசல் பம்ப்பில் உள்ள லீவர் இன்னும் ‘நிறுத்து’ என்ற நிலையிலேயே இருக்கும். இறங்கிப்போய் அந்த லீவரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். கேபிளுக்குப் பதிலாகச் சாலினாய்டு இருந்தால் அதில் இரண்டு வகை உண்டு. கரண்ட் வந்தால் டீசலைத் திறக்கும் வகை ஒன்று, கரண்ட் வந்தால் மூடும் வகை இன்னொன்று. முதல் வகையில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் பக்கம் ‘டக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் ஒயரைப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் ஃபில்டர். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கறுப்பாகவோ பழுப்பாகவோ கொழகொழப்பு தெரிந்தால் டேங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற எல்லையில் அது வாழும். ஃபில்டரை மாற்றினால் இன்றைக்கு ஓடும். டேங்க்கின் அடித் தண்ணீரை எடுக்காமல் விட்டால், அலையடித்து டேங்க் குலுங்கும் ஒரு நாளில் ஃபில்டர் மறுபடி அடைத்துக்கொள்ளும். அந்த நாள் நல்ல வானிலையாக இருக்காது.

இனி ஏர். புகையே இல்லாத இன்ஜின்களில் நான் அதிகம் சந்தித்தது இதுதான். இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தித் தரும் டீசல் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும். லைனில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் அந்தக் குமிழியை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். இன்ஜெக்டர் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறவே ஏறாது.

ஏர் எடுக்கும் வரிசை டேங்க்கிலிருந்து இன்ஜெக்டரை நோக்கித்தான். ஃபைன் ஃபில்டரின் தலையில் உள்ள பிளீட் ஸ்குரூவைச் சுற்றித் துணி வைத்து இரண்டு திருகு தளர்த்துங்கள். டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்ப்பின் கை லீவரை மேலும் கீழும் அடியுங்கள். லீவர் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். கேமின் முகடு அந்தப் பம்ப்பை முன்பே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் லீவரில் கனம் தெரியும். இப்போது ஸ்குரூவின் ஓரத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு நுரையாகக் கசியும், ‘புஸ் புஸ்’ என்று சன்னமாகக் கேட்கும். நுரைக்கு நடுவில் தெளிந்த டீசல், மறுபடி பெரிய குமிழி. குமிழி நின்று ஒரே சீராக டீசல் வழிய ஆரம்பித்த பிறகும் பத்து அடி கூடுதலாக அடித்துவிட்டு, வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை முறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு முறுக்கினால் கடைசி நொடியில் காற்று உள்ளே போய்விடும். இதையே டீசல் பம்ப்பின் பிளீட் ஸ்குரூவிலும் செய்யுங்கள்.

பழைய வகைப் பம்ப் உள்ள இன்ஜினில் இதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், இன்ஜெக்டர்களின் தலையில் உள்ள பைப் நட்டுகளை ஒரு திருகு தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து செல்ஃப் அடிக்க வேண்டும். கடல்நீர் வால்வு மூடியே இருக்கட்டும். ஒவ்வொரு நட்டிலும் டீசல் துடித்துத் துடித்து வெளிவந்ததும் முறுக்கிவிடலாம். முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இந்த லைனின் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே குண்டூசி குத்தினது போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டிய காயம் அது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அந்த வகையில் பேட்டரி வோல்ட்டேஜையும் ஃபில்டரையும் பார்த்துவிட்டு, கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவியிடம் போவதே சரி.

டேங்க்கா, ஃபில்டரா, பம்ப்பா என்று குழப்பம் தீரவில்லையா? சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை இன்ஜினுக்கு மேலே உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீடு பம்ப்புக்குக் கொடுத்து ஏர் எடுத்துப் பாருங்கள். டீசல் திரும்பும் லைன் உள்ள இன்ஜின் என்றால் அதையும் அந்தக் கேனிலேயே விடுங்கள். இன்ஜின் பிடித்து நன்றாக ஓடினால், கோளாறு கேனுக்குப் பதிலாக இருந்த பாதையில், அதாவது டேங்க்குக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில். அரை மணி நேர வேலை, தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் வருகிறது, சூடு போதவில்லை. டீசல் வாடையோடு கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை அது. ஏர் எடுக்கிற வேலையெல்லாம் இங்கே வீண்.

சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினா, காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ளதா, எதுவுமே இல்லாத நேரடி இன்ஜெக்ஷனா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹீட்டர் பிளக் இருந்தால் இணைப்புப் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாக ஓம் மீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் 2 ஓம்முக்கும் கீழே காட்டும். முடிவில்லாத் தடை காட்டினால் அது செத்த பிளக். எல்லாம் நன்றாக இருந்தும் சூடாகவில்லை என்றால் ரிலேயும், பட்டைக்கு வரும் 12 வோல்ட்டும். நான்கு சிலிண்டரில் ஒரு பிளக் செத்தால் இன்ஜின் பிடித்துவிடும், கொஞ்ச நேரம் தடதடவென்று நடுங்கிப் பிறகு சீராகும். மூன்றாவது பிளக்கும் சாகும்வரை பலரும் அதைக் கவனிப்பதில்லை.

ஆக்சிலரேட்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். குளிரில் முழுதாகத் திறக்கச் சொல்லும் இன்ஜினும் உண்டு, தொடவே வேண்டாம் என்கிற இன்ஜினும் உண்டு. கையேட்டில் பாருங்கள்.

சூடு கொடுத்தும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரஷனைச் சந்தேகிக்கலாம். முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இறுகிப்போன டேப்பெட் வால்வை முழுதாக மூட விடாது, காற்று கசியும். செலவில்லாத வேலை அது. பிறகு ஒரு பழைய சோதனை: காற்று உறிஞ்சும் வாய் வழியாகச் சிலிண்டருக்கு அரை டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, முதலில் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் செல்ஃப் அடிப்பது. ஆயில் ரிங் இடுக்கை அடைத்து இன்ஜின் பிடித்துக்கொண்டால், ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அளவு மீறக் கூடாது. அதிக ஆயில் தண்ணீரைப் போலவே பிஸ்டனைத் தடுக்கும், அல்லது அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஓடும். அப்படி ஓடினால் காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், உள்ளங்கையால் ஒருபோதும் அடைக்காதீர்கள். சரியான பதில் வேண்டுமென்றால் கம்ப்ரஷன் கேஜ்தான். கையேடு சொல்லும் அளவோடும், சிலிண்டர்களை ஒன்றோடொன்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈத்தர் ஸ்பிரே பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அடிக்கவே அடிக்காதீர்கள், சூடான பிளக்கில் பட்டுக் காற்று வாயிலேயே வெடிக்கும். ஹீட்டர் இல்லாத இன்ஜினிலும், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பற்றி ரிங்கை உடைத்துவிடும். டீசல் வாடையும் பேட்டரி வாயுவும் தேங்கி நிற்கும் மூடிய இன்ஜின் அறையில் அந்த ஸ்பிரேயைத் திறப்பதே தவறு.

கறுப்புப் புகையோடு திணறுகிறது

காற்று போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை முயன்று பாருங்கள். மாற்றம் இல்லை என்றால், கடல்நீரும் புகையும் கலக்கும் எல்போவைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். கரியும் உப்பும் சேர்ந்து கல்லாக இறுகி, விரல் நுழைய வேண்டிய வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

காலையில் தொல்லை, பகலெல்லாம் ஒழுங்கு

இரவு நின்றுவிட்டுக் காலையில் நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது, புகையும் இல்லை. ஒரு தடவை பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. லைனில் உள்ள டீசல் இரவெல்லாம் மெல்லத் திரும்பி டேங்க்குக்கு இறங்கிவிடுகிறது, அந்த இடத்துக்குக் காற்று வந்துவிடுகிறது. டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருந்தால் கசிவு வெளியே தெரியாது. அந்த இடத்தில் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ‘எங்கேயும் ஒழுகவில்லையே’ என்று சொல்லிக்கொண்டே பலரும் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தற்காலிகமாக ஃபீடு பம்ப்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்குத் தெளிந்த ஹோஸ் மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம், நடுவில் டீசல் ஓடும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டில் இரண்டாம் முறை போடப்பட்ட பழைய செம்பு வாஷர், விறைத்துப்போன ஹோஸ், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பிடிக்கிறது, அரை நிமிடத்தில் அணைகிறது

லைனிலும் ஃபில்டரிலும் மிச்சம் இருந்த டீசலில் ஓடுகிறது, புதிதாக வரவில்லை. மூடிய டேங்க் வால்வு, அடைத்த ஃபில்டர் எல்லாம் இதில் அடங்கும். எளிதில் மறந்துபோவது டேங்க்கின் காற்றுக்குழாய். குளவி கூடு கட்டும், உப்பு அடைக்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் விஷயம்.

சூடாக இருந்தால் மட்டும் பிடிக்க மறுக்கிறது

குளிரில் ஒழுங்கு, ஒரு மணி நேரம் ஓடி நிறுத்தினால் பிடிக்காது. முதலில் சூடான நிலையிலேயே சுற்றும் வேகத்தைப் பாருங்கள். தேய்ந்த செல்ஃப் மோட்டார் சூட்டில்தான் தளரும். வேகம் சரி என்றால், தேய்ந்த டீசல் பம்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்குகள் வழியாக உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டு ஆற்றியதும் பிடித்தால் சந்தேகம் உறுதியாகிறது. இந்தப் பம்ப்பைப் படகில் வைத்துப் பிரிக்க வேண்டாம், பம்ப் பெஞ்ச் உள்ளவரிடம் கொடுங்கள்.

‘டங்’ என்று நின்றுவிட்டது

மறுபடி சாவியைத் தொடாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் அடிவரை போய்விட்டது. அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் ஃபீடு பம்ப்பின் டயஃப்ராம் கிழிந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் எல்லா இன்ஜெக்டரையும் கழற்றி, ஓட்டைகளுக்கு நேரே முகத்தைக் காட்டாமல், கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கையால் எளிதாகச் சுற்றும்வரை செல்ஃப் வேண்டாம். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஓடியதும் இன்னொரு முறை மாற்றுங்கள். இதை நாளைக்குத் தள்ளிப்போட முடியாது, உப்புத்தண்ணீர் ஒரே இரவில் சிலிண்டரில் துருவை ஏற்றிவிடும். செல்ஃப் அடிக்காமலே தண்ணீர் புகுந்திருந்தால், கடல்நீர் ஹோஸின் உயரமான வளைவில் உள்ள சைஃபன் தடுப்பு வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது உப்பில் ஒட்டிக்கொண்டால், இன்ஜின் நின்றிருக்கும்போதே கடல் மெல்ல மெல்ல உள்ளே வரும்.

பிடித்த பிறகு

இன்ஜின் பிடித்துவிட்டது. சிவப்புத் துணியைப் பாருங்கள், கடல்நீர் வால்வைத் திறந்துவிடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய், புகைக்குழாயிலிருந்து தண்ணீர் தெறிக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு இம்பெல்லர் மூடியைக் கழற்றுங்கள். தண்ணீர் வந்தால், தளர்த்தி முறுக்கிய ஒவ்வொரு நட்டையும் பிளீட் ஸ்குரூவையும் ஒரு காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்து, கால் மணி நேரம் ஓடியதும் மறுபடி துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்த இடத்தை இப்போதே சரிசெய்யுங்கள், படகு இன்னும் கரையில் கட்டித்தான் இருக்கிறது.